சென்னையின் மேற்குப் புறநகரில் இளையோர் மனநலப் பராமரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

மாற்கு எழுதிய நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பினால் அலைக்கழிக்கப்பட்ட தம் மகனைத் தந்தையொருவர் சீடர்களிடம் கொண்டுவருகிறார். சீடர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. வேதபாரகர் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கின்றனர். திரளான மக்கள் சூழ்ந்து நிற்கின்றனர். தந்தையும் மகனும் காத்திருக்கின்றனர். அங்கு வந்து சேர்ந்த இயேசு, மகனைக் கண்டதும், இந்நிலை எவ்வளவு காலமாக இருந்துவருகிறது என்று தந்தையை வினவுகிறார். துன்புறும் ஒருவனின் வரலாற்றை அவனை வளர்த்தவரிடம் கேட்டறிவதும் அங்கே குணமாக்கும் பணியின் ஒரு பகுதியாயிற்று.

இக்கட்டுரையில் நாமும் அத்தகைய வினாவொன்றையே எழுப்ப முற்படுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளில் நம் குருசேகரங்களைச் சேர்ந்த எத்தனையோ இல்லங்களில், மனநலமும் நடத்தையும் ஒருங்கே பாதிக்கப்பட்ட இளையோர் உள்ளனர். மனச்சிதைவின் தொடக்கம், படிப்பில் பின்னடைவு, போதைப் பழக்கம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், வீட்டை விட்டு ஓடுதல், சிறு குற்றங்களில் சிக்குதல் ஆகியவற்றுள் இரண்டு மூன்று ஒரே பிள்ளையிடத்தில் ஒருசேரக் காணப்படுவதுண்டு. பூவிருந்தவல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென அரசுப் பள்ளி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. தெளிவாக அறியப்படும் ஒரு குறைக்கு இவ்வாறு ஒரு வாசல் உண்டு. பல துன்பங்கள் பின்னிக் கிடக்கும் பிள்ளையோ பல வாசல்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதே நம் ஆய்வுப் பொருள்.

1. மூன்று வாசல்கள்

முதலாவது, மருத்துவத்தின் வாசல். சென்னையில் மனநோயாளருக்கான முதல் காப்பகம் 1794-இல் வாலன்டைன் கொனொலி என்னும் அறுவை மருத்துவரின் பொறுப்பில் தோன்றியது. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில், லோகாக் தோட்டம் எனப்பட்ட இடத்தில், 145 நோயாளருடன் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. அதுவே 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாற்றம் பெற்று, இன்று மனநலக் கழகமாக விளங்குகிறது. 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் மனநோயாளரைக் காவலில் வைப்பதையே முதன்மையாகக் கருதின. நீதித்துறை நடுவரின் ஆணையே உள்ளே செல்வதற்குரிய பொதுவான வழியாயிருந்தது. மதில்கள் உயரமாயிருந்தன, குடும்பத்தார் வாயிலோடு நின்றுவிட்டனர்.

இரண்டாவது, சட்டத்தின் வாசல். செங்கற்பட்டில் 1887-இல் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. 1920-இல் இயற்றப்பட்ட சென்னைச் சிறார் சட்டம், இந்திய மாகாணங்களில் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவதாகும். சிறுவரைச் சிறைக்கு அனுப்பாமல் தனி நீதிமன்றத்தின்வழி பள்ளிக்கு அனுப்பிய அளவில் அது பெரிய முன்னேற்றமே. ஆயினும் ஒரு சிறுவன் திருடியதற்கும் ஓடிப்போனதற்கும் பின்னால் மனநோய் இருக்கக்கூடுமோ என்று ஆராய்வது அவ்வேற்பாட்டின் மையப் பணியாக அமையவில்லை.

மூன்றாவது, பள்ளியின் வாசல். இதில் நாம் பிறரைக் குறைகூறும் நிலையில் இல்லை. இந்நாட்டில் பள்ளிகளைத் திறந்தவருள் நம் மிஷனரிகள் முன்னணியில் நின்றனர். எனினும் வகுப்பறை ஒழுங்கிற்கு அடங்காத பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புவது நம் பள்ளிகளுக்கும் புதிய வழக்கமன்று.

இம்மூன்று வாசல்களையும் ஒன்றாக இணைத்துப் பார்த்த முயற்சியொன்று பம்பாயில் உண்டாயிற்று. நாகபாடாவில் தொழிலாளரிடையே பணியாற்றிய அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்டு மான்ஷார்ட், 1936-இல் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவோடு சமூகப் பணிக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டில் அதன் சார்பில் குழந்தை வழிகாட்டு நிலையம் தொடங்கியது. மருத்துவர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவதே அத்தகைய நிலையங்களின் முறை. ஆனால் இம்முறை நாட்டின் பெருநகர்களில்கூடப் பரவலாக வேரூன்றவில்லை.

2. குடும்பம் உள்ளே வருதல்

விடுதலைக்குப் பின் முதல் மாறுதல் மருத்துவத்தின் வாசலில் நிகழ்ந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளரின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். 1950-இல் ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் லக்னோவில் நூர் மன்சில் மனநல மையத்தை நிறுவினார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் பாகாயத்தில் உருவாயிற்று. நோயாளரோடு குடும்பத்தார் ஒருவர் தங்கியிருத்தல் அங்கே நெறியாகவே கொள்ளப்பட்டது. அதன் சிறார் பிரிவாகிய நம்பிக்கை நிலையத்தில் பெற்றோர் பிள்ளையோடு தங்கி, பிள்ளையை வளர்க்கும் முறைகளைத் தாமே பயில்கின்றனர்.

செலவைக் குறைக்கும் உபாயமாக மட்டும் இதனைக் கருதுவது பிழையாகும். நோயாளரை அறிந்தவர் யார் என்னும் வினாவிற்கு அன்று புதிய விடை கிடைத்தது. ஐரோப்பாவில், பெல்ஜியம் நாட்டின் கீல் என்னும் ஊரார் பல நூற்றாண்டுகளாக மனநோயாளரைத் தம் வீடுகளில் ஏற்றுப் பராமரித்து வந்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

அடுத்து, மருத்துவமனையே ஊரைத் தேடிச் சென்றது. 1970-களின் நடுவில் பெங்களூருக்கு அருகில் சக்கல்வாராவிலும், அரியானாவில் ராய்ப்பூர் ராணியிலும் சிற்றூர்களில் மனநலப் பணி சோதித்துப் பார்க்கப்பட்டது. அவற்றின் பயனாக 1982-இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி முதலில் தெரிந்துகொள்ளப்பட்டது.

3. மேற்குப் புறநகரின் பங்கு

இவ்வரலாற்றில் சென்னையின் மேற்குப் புறநகருக்குத் தனியிடம் உண்டு. அம்பத்தூரில் 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலையும், ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றின. பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வேலை தேடி வந்து குடியேறின. ஊரில் பாட்டியும் பெரியம்மாவும் சித்தப்பாவும் பகிர்ந்து சுமந்த பாரம், இங்கே இரு சிற்றறைகள் கொண்ட வாடகை வீட்டில் தாய் தந்தை இருவர்மேல் மட்டும் விழுந்தது. தந்தை ஷிப்டுக்குச் சென்ற வேளையில் தாய் ஒருத்தியின் மேலேயே விழுந்தது.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராயிருந்து நடத்தியவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரென்று போற்றப்படும் அவர், மருந்தினால் தெளிவடைந்தவர் திரும்பிச் செல்ல வீடும் வேலையும் இன்றித் தவிப்பதைக் கண்கூடாகக் கண்டவர். ஓய்வு பெற்றபின், 1984-இல், மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃபை நிறுவினார். அது அண்ணாநகர் மேற்கில் அமைந்தது. அதன் தங்கும் இல்லம் ஒன்று பூவிருந்தவல்லிக்கு அருகில் திருவேற்காட்டில் ஏற்பட்டது. 1983-இல் வித்யாகர் தொடங்கிய உதவும் கரங்கள் அமைப்பும் திருவேற்காட்டுப் பகுதியில் மனநோயாளருக்கு இல்லம் அமைத்தது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் தெருவில் அலைந்த மனநோயாளப் பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன் அமைப்பின் அடைக்கலம் இல்லம், அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் உள்ளது. அவ்வமைப்பே 2015-இல், நீண்டகாலம் இல்லங்களில் தங்கியவர்கள் சிறு குழுக்களாகச் சாதாரண வீடுகளில் அயலாரோடு வாழும் முறையையும் தொடங்கியது.

நகரின் நடுவில் எழுந்த மதில், மேற்கு நோக்கி வர வர உயரம் குறைந்ததென்று நாம் சொல்லலாம். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை, நோய் முற்றிய பின்னரோ வீட்டை இழந்த பின்னரோ வந்து சேரும் வயதுவந்தோரை முதன்மையாக மனத்திற்கொண்டு பிறந்தவை. மனநோய்களில் பாதியளவு பதினான்கு வயதிற்குள்ளேயே தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதைக் கண்டது. பெருநகரங்களில் அவ்வளவு 13.5 விழுக்காடாயிருந்தது. நோய் வாலிபத்தின் விளிம்பில் பிறக்கிறது. பராமரிப்போ பல ஆண்டுகள் கழித்தே வந்து சேருகிறது.

4. ஏர்வாடியும் புதிய சட்டமும்

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் இல்லமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. வேறொரு சமயத்தாரின் புனிதத் தலத்தை அடுத்து நடந்ததென்று நாம் இதனை ஒதுக்கிவிட இயலாது. மருந்தை நிறுத்திவிட்டு உபவாசத்திற்கு வாருங்கள் என்று கிறிஸ்தவப் பிரசங்கியார் சிலர் கூறக் கேட்டும் நாம் மௌனமாயிருந்ததுண்டு. சங்கிலி இரும்பினால் மட்டும் ஆவதில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளர் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை அது ஏற்றுக்கொள்கிறது. சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரை மருத்துவமனையில் சேர்த்தால் வயதுவந்தோரிடமிருந்து வேறாக வைக்க வேண்டுமென்றும், அவருக்குரிய பிரதிநிதியோ துணையாளரோ உடன் தங்க வேண்டுமென்றும் விதிக்கிறது. வேலூர் 1957-இல் கைக்கொண்ட நெறிக்கு நெருங்கிய ஒன்று, அறுபது ஆண்டுகள் கழித்து இளையோரைப் பொறுத்தமட்டில் நாட்டுச் சட்டமாயிற்று.

5. இணைப்பவர் யார்?

இத்தனையும் நடந்த பின்னும் குறையொன்று எஞ்சி நிற்கிறது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடும், 2018-இல் சென்னை மாவட்டத்தோடும் சேர்க்கப்பட்டது. அதன் காவல் நிலையமோ 2022 முதல் ஆவடிக் காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. குழந்தைகள் நலக் குழுவும் இளைஞர் நீதிக் குழுமமும் மாவட்ட மனநலத் திட்டமும் மாவட்டவாரியாக இயங்குகின்றன. எனவே ஒரு தெரு தள்ளி வீடு மாறிய குடும்பம், பிள்ளைக்காக நாடும் அலுவலகங்கள் பலவற்றையும் மாற்ற வேண்டியதாகலாம். மருத்துவரின் சீட்டைப் பள்ளி காண்பதில்லை. பள்ளியில் நிகழ்ந்ததை மருத்துவர் அறிவதில்லை. காவலருக்கு இவ்விரண்டும் தெரிவதில்லை. எல்லாவற்றையும் அறிந்தவர், பிளாஸ்டிக் பையில் காகிதங்களைச் சுமந்துகொண்டு பேருந்து மாறிச் செல்லும் தாய் ஒருவரே. அவரும் ஒருநாள் சோர்ந்து விழுந்தால், அப்பிள்ளையின் வரலாற்றை அறிந்தவர் எவரும் இல்லை.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1982-இல் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஜேன் நிட்சர் வெளியிட்ட ஆய்வு, கடும் மனக்கோளாறுடைய முப்பது இலட்சம் பிள்ளைகளில் மூன்றில் இரு பங்கினர் தமக்கு வேண்டிய உதவியைப் பெறவில்லை என்று காட்டியது. அதன் பயனாக, துறைகள் பலவும் ஒரே பிள்ளையைச் சுற்றி ஒன்றுகூடும் முறை வளர்ந்தது. மில்வாக்கி நகரப் பகுதியில் 1995 முதல், இணைப்பாளர் ஒருவர் சில குடும்பங்களுக்கு மட்டும் பொறுப்பேற்று, குடும்பத்தையும் பள்ளியையும் மருத்துவரையும் நீதிமன்றத்தையும் ஒரே திட்டத்திற்குள் கொண்டுவருகிறார். நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் தொலைபேசிக் குரல் ஆலோசனை கூறலாமேயன்றி, பள்ளிக்கு உடன் நடந்து வர இயலாது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து திருச்சபை எதனைக் கற்றுக்கொள்ள வேண்டும்? இன்னுமோர் இல்லம் கட்டுவது நம் முதற்கடமை என்று நாம் கருதவில்லை. கட்டடம் கட்டுவதில் நமக்குப் பழக்கம் மிகுதி. உடன் நடப்பதிலோ குறைவு. குருசேகரம் ஒவ்வொன்றிலும் நன்கு பயிற்சி பெற்ற இருவர் மூவர், ஒரு குடும்பத்தின் இசைவோடு, அதன் இரகசியத்தைக் காத்து, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் தாயோடு செல்லலாம். எந்நாளில் என்ன நிகழ்ந்தது, எம்மருந்து கொடுக்கப்பட்டது, யார் என்ன கூறினர் என்பதை ஒரு குறிப்பேட்டில் அக்குடும்பத்தாரே எழுதி வைக்கத் துணைபுரியலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதைப் பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லலாம். நம் பள்ளிகளில் மாற்றுச் சான்றிதழ் எழுதப்படுமுன் அப்பிள்ளையை அறிந்த அனைவரும் ஒருமுறை கூடிப் பேசவேண்டுமென்று விதி வகுக்கலாம். இறையியல் மாணவர் தம் களப்பணிக் காலத்தில் இதனைப் பயிலலாம்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தவர் நால்வர். ஆளுக்கொரு மூலையைப் பிடித்தனர். நால்வரும் ஒரே வீட்டை நோக்கி நடந்தனர். மேற்குப் புறநகரில் மருத்துவர் உண்டு, ஆசிரியர் உண்டு, சமூகப் பணியாளர் உண்டு, சட்டமும் உண்டு. ஆனால் அவரவர் தத்தம் திசையில் இழுக்கும்போது படுக்கை நகர்வதில்லை. அவர்களை ஒரே திசையில் நடக்கச் செய்யும் எளிய பணி இன்று ஆளின்றிக் கிடக்கிறது. ஆயர் ஒருவர் இவ்வாரம் தம் சபையில் ஒரு தாயினிடத்தில், இது எவ்வளவு காலமாக இருந்துவருகிறது என்று கேட்டு, விடையை முழுவதும் கேட்டு முடிக்கும்வரை அமர்ந்திருப்பாரானால், அப்பணி தொடங்கிவிட்டதென்று நாம் கொள்ளலாம்.