இழப்பை எதனோடு ஒப்பிட்டு அளப்பது? வேளாண் ஒப்பந்தத்தின் 12ஆம் பத்தியும் மாறாத உழவரும்

இயற்கை வேளாண்மைக்கு அரசு தரும் உதவி ஏன் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது? இரசாயன உரத்தின் பக்கமே போகாத உழவரை அது ஏன் எட்டுவதில்லை? இவ்விரு கேள்விகளுக்கும் நம் வேளாண் கொள்கை ஆய்வுகளில் பழகிப்போன ஒரு விடை உண்டு: உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் அதற்குமேல் இடம் தரவில்லை என்பது. அதற்குக் காட்டப்படும் சான்று, ஒப்பந்தத்தின் இணைப்பு 2இல் உள்ள 12ஆம் பத்தியின் (ஆ) கூறு. அந்தக் கூறு இப்படிச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பத்தி சிறியது. சுற்றுச்சூழல் திட்டங்களின்கீழ் தரப்படும் தொகைக்கு அது இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. (அ) கூறின்படி, தெளிவாக வரையறுத்த ஒரு அரசுத் திட்டம் வேண்டும். உற்பத்தி முறை, இடுபொருள் ஆகியவை பற்றிய நிபந்தனைகள் உட்பட, அத்திட்டம் விதிப்பவற்றை உழவர் நிறைவேற்ற வேண்டும். (ஆ) கூறின்படி, திட்டத்துக்கு இணங்கி நடப்பதில் உண்டாகும் கூடுதல் செலவு அல்லது வருமான இழப்பு எவ்வளவோ, அந்த அளவுக்குள் தொகை நிற்க வேண்டும்.

முந்தைய ஆய்வுகள் ‘கூடுதல்’, ‘இழப்பு’ என்ற இரு சொற்களையும் ஒரே உழவரின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடும் சொற்களாகவே எடுத்துக்கொள்கின்றன. நேற்று யூரியா இட்டவர் இன்று நிறுத்துகிறார், விளைச்சல் குறைகிறது, அந்தக் குறைவே இழப்பு. நிலம் தேறியதும் இழப்பு தீர்ந்தது, உதவியும் தீர்ந்தது. யூரியா இடாமலே இருந்தவருக்கு ‘நேற்று’ என்று ஒன்று இல்லை; ஆகவே இழப்பும் இல்லை. கேட்பதற்கு இந்தத் தருக்கம் ஒழுங்காகவே இருக்கிறது. பத்தியின் சொற்களோடு வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை.

முதலில் காலம். பத்தி பேசுவது இணங்கி நடப்பதைப் பற்றி. மாறுவதைப் பற்றி அன்று. மாறுவது ஒருமுறை நிகழ்வது, இணங்கி நடப்பது ஆண்டுதோறும் தொடர்வது. அண்டைப் பத்திகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கிவைப்போருக்கான 10ஆம் பத்தியில், குறைந்தது மூன்று ஆண்டுகள் விலக்கிவைக்க வேண்டும் என்று கால அளவு உண்டு. முதலீட்டு உதவி பற்றிய 11ஆம் பத்தியில், அந்த முதலீடு நிறைவேறத் தேவையான காலத்துக்கு மட்டுமே தொகை தரலாம் என்ற வரம்பு உண்டு. கால வரம்பு வேண்டிய இடங்களில் அதை எழுதத் தெரிந்தவர்கள் 12ஆம் பத்தியில் எழுதவில்லை. அங்கே உள்ளது தொகைக்கான வரம்பு மட்டும். மௌனத்திலிருந்து முடிவு எடுப்பதில் எச்சரிக்கை தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த பத்திகளில் இரண்டு பேசி ஒன்று மௌனம் காக்கும்போது, அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது சான்று இதைவிட வலியது. ஆய்வுகளில் உரிய கவனம் பெறாதது. கூடுதல் செலவு அல்லது வருமான இழப்பு என்ற அதே சொற்றொடர், பின்தங்கிய வட்டாரங்களுக்கான உதவியைப் பற்றிய 13ஆம் பத்தியிலும் வருகிறது. குறிக்கப்பட்ட வட்டாரத்தில் வேளாண்மை செய்வதில் உண்டாகும் கூடுதல் செலவு அல்லது இழப்பு என்ற அளவுக்குள் தொகை நிற்க வேண்டும் என்கிறது அப்பத்தி. மலைச்சரிவில் பிறந்து அங்கேயே உழும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் சமவெளியில் ஒருநாளும் ஏர் பூட்டியவர் அல்லர். அங்கே சம்பாதித்து இங்கே வந்து இழந்தவரும் அல்லர். நேற்றோடு மட்டுமே ஒப்பிட வேண்டுமென்றால் 13ஆம் பத்தியின்கீழ் அவருக்கு ஒரு காசு தர முடியாது. அந்தப் பத்திக்கே பொருள் இல்லாமல் போகும். அங்கே இழப்பு என்பது வேறு நிலத்தில் உழுபவரோடு ஒப்பிட்ட இழப்பு. ஒரே ஒப்பந்தத்தில், ஒரே இணைப்பில், அடுத்தடுத்த பத்திகளில் வரும் ஒரே சொற்றொடருக்கு இரண்டு பொருள் கொள்ள வேண்டுமானால், அப்படிக் கொள்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

ஆகவே 12ஆம் பத்தியில் இழப்பை அளக்கும் கோல், அதே ஊரில், அதே பருவத்தில், திட்டத்தின் நிபந்தனைக்கு உட்படாத உழவருக்குத் திறந்திருக்கும் வழி. இதை வயலில் வைத்துப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைப்பவர் ஏக்கருக்கு 20 கிலோ விதை தூவுகிறார். 40, 45 நாளில் பூவெடுக்கும் தறுவாயில் செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து சேர்ந்துகொண்டிருப்பதற்கு அதுவே அடையாளம். அப்போதே மடக்கி உழ வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டில் நாரேறி ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும். விதை, உழவுக்கூலி, பம்புசெட் தண்ணீர் எல்லாம் கைச்செலவு. அது போக, அந்த நாட்களில் பக்கத்து வயலில் எள்ளோ பருத்தியோ நிற்கிறது. இவர் வயலில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. முப்பது ஆண்டுகளாக இப்படிச் செய்துவருபவரும் இந்த ஆண்டின் எள்ளை இந்த ஆண்டுதான் இழக்கிறார். பழகிப்போன இழப்பும் இழப்புதான்.

‘இழப்பு’ என்றால் கையில் இருந்ததை இழப்பதுதானே என்ற மறுப்பு பொருட்படுத்தத் தக்கது. சொல்லின் வழக்கமான பொருள் அந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தச் சொற்களை அவற்றின் சூழலிலும் நோக்கத்திலும் வைத்தே படிக்க வேண்டும் என்பது வியன்னா உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. சூழல் என்னவென்று 13ஆம் பத்தி காட்டுகிறது. நோக்கத்தைப் பொறுத்தவரை, சுற்றுச்சூழலைக் காக்கும் தேவையை ஒப்பந்தத்தின் முகவுரையே குறிப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1305/2013 ஒழுங்குமுறை, 29ஆம் பிரிவில், இயற்கை வேளாண்மைக்கு மாறுவோருக்கும் அதிலேயே நிலைத்திருப்போருக்கும் தொகை தர வழிசெய்தது. அது பிறரைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்று. இந்த வாசிப்பு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு மட்டுமே சான்று. அமெரிக்கப் பருத்தி வழக்கின் 2005ஆம் ஆண்டு மேல்முறையீட்டு முடிவை இதற்கு எதிராகக் காட்டுவோர், அது உற்பத்தியோடு தொடர்பற்ற வருமான உதவிக்கான 6ஆம் பத்தியைப் பற்றியது என்பதை மறக்கிறார்கள். உற்பத்தி முறையை நிபந்தனையாக்க 12ஆம் பத்தி வெளிப்படையாகவே இடம் தருகிறது.

அப்படியானால் இந்தியத் திட்டங்களைக் குறுக்கியது எது? 2015-16இல் தொடங்கிய பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவின் திருத்திய அளவுகளைப் பார்க்கலாம்: மூன்று ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 31,500 ரூபாய்; அதில் உழவர் கணக்குக்கு நேரே போவது 15,000 ரூபாய், அதுவும் இடுபொருளுக்காக. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2,000 ரூபாய். இந்தத் தொகை குறைவு என்பதே வழக்கமான விமர்சனம். தொகையைவிட, அது எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தின் 6.2 பிரிவு, வளரும் நாடுகள் ஏழை உழவருக்குத் தரும் இடுபொருள் மானியத்தைக் குறைப்புக் கடமையிலிருந்து விலக்குகிறது. இந்தியா தன் நிலவுடைமைகளில் 99.43 விழுக்காட்டை அந்த வகையில் சேர்த்து அறிவித்திருக்கிறது. இடுபொருளுக்குப் பணம் தரும் பாதை அகலமாகத் திறந்திருப்பதால் சுற்றுச்சூழல் உதவியும் அதே பாதையில் போய்விட்டது என்பது என் கருத்து. அந்தப் பாதையில் வாங்குபவருக்கு உதவி கிடைக்கும். வயலில் ஆட்டுக்கிடை போடுபவருக்கும் தன் வயல் விதையையே எடுத்துவைத்துத் தக்கைப்பூண்டு விதைப்பவருக்கும் காட்ட ரசீது இல்லை.

2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண் இயக்கம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் ஊக்கத்தொகையை வைத்தது. தொகை உயர்ந்தது, காலம் இரண்டு ஆண்டுகளாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை 12ஆம் பத்தி கேட்கவில்லை.

ஏற்கெனவே செய்பவருக்குப் பணம் கொடுத்தால் அரசுக்குப் புதிதாக என்ன கிடைக்கும் என்பார்கள். பத்தி புதுமையைக் கேட்கவில்லை; நிபந்தனையை நிறைவேற்றுவதையே கேட்கிறது. நிதிச்சுமை என்ற மறுப்பு நிதியமைச்சகம் பேச வேண்டியது. ஒப்பந்தத்தின் பெயரால் அதைப் பேசுவது முறையன்று. தக்கைப்பூண்டை மடக்கி உழும் உழவர் ஒருவர், அடுத்த கோடையில் பக்கத்து வயலைப் பார்த்து எள் விதைத்துவிட்டால், அந்த மண் ஓராண்டுத் தழைச்சத்தை இழக்கும். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது பதிவாகாது. அவர் எந்தத் திட்டத்திலும் சேர்ந்திருக்கவில்லையே. அவரைச் சேர்த்துக்கொள்ளப் பத்தியில் இடம் இருக்கிறது.