கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிட்டாங்களா? எப்போது இன்னொரு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

"கட்டி இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம். அதான் ரெண்டு குழந்தை பெத்தாச்சே!" இப்படிச் சொன்னதும் பல வீடுகளில் அடுத்து நடப்பது பணம் புரட்டுவதுதான். இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாமே என்று தோன்றினாலும், 'இவர் தப்பா நினைச்சுக்குவாரோ' என்ற தயக்கம் தடுத்துவிடுகிறது. அந்தத் தயக்கம் தேவையில்லை. இரண்டாவது கருத்து கேட்பது நோயாளியின் உரிமை. எப்போது, எப்படிக் கேட்பது? பார்க்கலாம்.

ஏன் அவசரப்படக் கூடாது?

எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது. கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் உடனே மெனோபாஸ் வந்துவிடும். இளம் வயதில் இது நடந்தால் எலும்புத் தேய்மானம், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு மெனோபாஸ் சீக்கிரமே வரலாம்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற உத்தரவிட்டது.

எப்போது வேறு டாக்டரைப் பார்க்கணும்?

* முதல் தடவை பார்த்ததுமே, ஒரே ஒரு ஸ்கேனை வைத்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தால்.
* பயாப்ஸி போன்ற பரிசோதனை எதுவும் செய்யாமல் 'விட்டா கேன்சர் ஆயிடும்' என்று சொன்னால். ஃபைப்ராய்டு கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம்.
* மாத்திரை, மருந்து எதையும் முயற்சி செய்யாமலே ஆபரேஷன் என்றால்.
* சினைப்பையை எடுப்பார்களா, விடுவார்களா என்று கேட்டும் தெளிவான பதில் வராவிட்டால்.
* நீங்கள் 40 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால், அல்லது இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைத்தால்.
* கேள்வி கேட்டாலே கோபப்பட்டால்.

வேறு என்ன வழி இருக்கு?

அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரைகள் உண்டு. ஹார்மோன் உள்ள காப்பர்-டி போன்ற சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம். கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனும் இருக்கிறது. தொந்தரவே தராத சின்னக் கட்டியை அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக் கண்காணித்தாலே போதும். மெனோபாஸுக்குப் பிறகு ஃபைப்ராய்டு பெரும்பாலும் தானாகவே சுருங்கும். எது பொருந்தும் என்பது கட்டியின் அளவு, இடம், வயதைப் பொறுத்தது. 'எனக்கு இதெல்லாம் ஏன் சரிவராது?' என்று டாக்டரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

எப்போது தாமதிக்கவே கூடாது?

மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் போய், தலைசுற்றலும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கில் கர்ப்பப்பையை எடுப்பது உயிரைக் காப்பாற்றும் ஆபரேஷன். அங்கே அடுத்த டாக்டரைத் தேட நேரம் இருக்காது. புற்றுநோய் உறுதியானால் இன்னொரு கருத்து கேட்கலாம், ஆனால் நாளைக் கடத்தக் கூடாது. மாதவிடாய் முழுசா நின்ற பிறகு ரத்தம் பட்டால், கொஞ்சமாக இருந்தாலும் பரிசோதனை அவசியம்.

ரிப்போர்ட் தர மறுத்தால்?

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் உங்களுடையவை. உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறை. கேட்பதை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து போடும் முன்பு படிவத்தில் எந்த ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறது எனப் படித்துப் பாருங்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தை வைத்துக் கர்ப்பப்பையை எடுத்தது தவறு என்று 2008-ல் ஒரு டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இரண்டாவது டாக்டரிடம் எப்படிப் போவது?

முதல் டாக்டருடன் தொடர்பில்லாத, வேறு ஆஸ்பத்திரி மகப்பேறு நிபுணரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓ.பி.யில் இதற்குச் செலவில்லை. பழைய ரிப்போர்ட், சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு, எத்தனை நாள் ரத்தம் போகிறது என்ற குறிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். முதலில் தொந்தரவைச் சொல்லுங்கள். 'ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க' என்பதைக் கடைசியில் சொல்லலாம்.

இருவரும் ஒன்றையே சொன்னால் தயங்காமல் ஆபரேஷனுக்குத் தயாராகலாம். வேறு வேறு சொன்னால், யார் சொன்னது பிடித்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். யார் காரணத்தை உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கினார் என்று பாருங்கள். அப்போதும் தெளிவில்லை என்றால் மூன்றாவது டாக்டரிடம் கேட்பதிலும் தப்பில்லை.