மூதேவி என்பவள் யார்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

காலையில் எழுந்திருக்கத் தாமதமானால் "மூதேவி" என்று திட்டு வாங்காத பெண்பிள்ளை நம் வீடுகளில் உண்டா? அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மூத்த தேவி, மூதேவி. திருமகளுக்கு அக்கா. பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னால் வந்தவள் என்கிறது புராணம். வடமொழியில் ஜேஷ்டா, அதுவே தமிழில் சேட்டை ஆயிற்று. (பையன்கள் செய்யும் சேட்டை வேறு. அது சேஷ்டா என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது!) வள்ளுவர் தவ்வை என்கிறார். அதற்கும் அக்கா என்றுதான் பொருள். பொறாமைக்காரனைத் திருமகள் தன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள் என்பது 167ஆம் குறளின் கருத்து. ஆக, அந்தக் காலத்திலேயே அவள் வறுமையின் அடையாளம்தான்.

ஆனாலும் அவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள். திருப்பரங்குன்றம் குடைவரையில் கி.பி. 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையனிடம் உயர்பதவியில் இருந்த சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்த செய்தி அதில் உள்ளது. ஒரு பெண் எடுப்பித்த கோயில் என்பதைக் கவனியுங்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலச் சிற்பமாக இருக்கிறாள். முற்காலச் சோழர் சிவன் கோயில்களில் சுற்றுத் தெய்வங்களில் ஒருத்தியாகப் பிள்ளையார், முருகனோடு இடம்பெற்றாள். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், சேட்டையிடம் போய்ச் செல்வம் எதிர்பார்க்கிறீர்களே என்று மக்களைக் கடிந்துகொள்கிறார். அவர் கடிந்துகொள்ளும் அளவுக்குக் கூட்டம் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்!

இப்போது சிற்பத்துக்கு வருவோம். கால்களைத் தொங்கவிட்டு, அகலமாக உட்கார்ந்திருப்பாள். சரிந்த பெருவயிறு, கனத்த மார்பு, பெரிய கொண்டை. பிள்ளை பெற்று வளர்த்த நம் ஊர்ப் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். ஒரு பக்கம் மாட்டுத் தலையுடன் மகன் மாந்தன், மறுபக்கம் அழகான இளம்பெண்ணாக மகள். காக்கைக் கொடி. ஊர்தி கழுதை. சில சிற்பங்களில் துடைப்பமும் உண்டு.

இவற்றையெல்லாம் அமங்கலம் என்று இன்று சொல்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துடைப்பம் குப்பையைச் சேர்ப்பதா, நீக்குவதா? காக்கைக்குச் சோறு வைக்காமல் அமாவாசையன்று சாப்பிடுகிறோமா? கழுதை ஊர்ப் பாரம் சுமந்தது. பெருவயிறும் மார்பும் தாய்மையையும் விளைச்சலையும் குறிக்கின்றன என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அழுக்கையும் பசியையும் முதுமையையும் விலக்கி வைக்காமல், அவற்றுக்கும் ஒரு தாய் உண்டு என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பிற்காலச் சோழர் காலத்திலிருந்து வழிபாடு மங்கியது. சிலைகள் பல கோயிலைவிட்டு வெளியேறிக் குளக்கரைக்கும் வயல்வெளிக்கும் போயின. பெயர் மட்டும் வசவாக நம் வாயில் தங்கிவிட்டது.

சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். அவர் ஊர்க் குளத்தைத் தூர் வாரும்போது கிடைத்த சிலை. முகம் தேய்ந்திருந்தாலும் மாட்டுத்தலை மகன் தெளிவாகத் தெரிகிறான். "ஐயா, மூதேவி சிலை ஊருக்கு ஆகாது, உடைத்துப் போடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். உடைக்க விடாதே தம்பி, உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடு என்றேன். மண்ணுக்கடியில் கிடைத்த பழம்பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் இருக்கிறது. மனு கொடுத்துவிட்டார். சிலை இப்போது வேப்பமரத்தடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. ஊரில் பேச்சு இன்னும் முடியவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் காக்கைக் கொடியோடு, இரு பக்கமும் பிள்ளைகளோடு உட்கார்ந்த அம்மன் சிலை இருந்தால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். சிலைக்கு எண்ணெய் பூச வேண்டாம், பெயின்ட் அடிக்கவே வேண்டாம்.