தமிழகத்தில் பௌத்தக் கலையும் கட்டடக்கலையும்

தமிழகத்தில் பௌத்தக் கலையும் கட்டடக்கலையும் என்பது பண்டைத் தமிழகத்தில் எழுப்பப்பட்ட விகாரைகள், தூபிகள், புத்தர் படிமங்கள் ஆகியவற்றையும், அவை ஆசியாவின் பிற பகுதிகளோடு கொண்டிருந்த தொடர்புகளையும் குறிக்கும். காவிரிப்பூம்பட்டினம், காஞ்சிபுரம், நாகப்பட்டினம் ஆகிய மூன்றும் இதன் முதன்மையான நிலையங்கள் ஆகும். கிருட்டிணா ஆற்றுச் சமவெளியில் வளர்ந்த பௌத்தக் கலை, இலங்கைக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் சென்ற கடல்வழியில் இவை அமைந்திருந்தன. எனினும் இங்கிருந்த கட்டடங்களுள் ஒன்றேனும் இன்று முழுமையாக நிலைத்திருக்கவில்லை. அகழாய்வுகள், செப்பேடுகள், படிமங்கள், வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே இக்கலையின் வரலாறு அறியப்படுகிறது.

பின்னணி

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மௌரியப் பேரரசர் அசோகர் காலத்தில் பௌத்தம் இந்தியாவின் பல பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பரவியது. அவருடைய பாறைக் கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் குறிப்பிடப்படுகின்றனர். தொடக்ககாலப் பௌத்தக் கலையில் புத்தரின் உருவம் செதுக்கப்படவில்லை. அதற்குப் பதிலாகப் போதிமரம், அறவாழி, வெற்று இருக்கை, திருவடிச்சுவடு ஆகிய குறியீடுகள் பயன்படுத்தப்பட்டன. சாஞ்சி, பர்குத் ஆகிய இடங்களின் சிற்பங்களில் இதனைக் காணலாம். கி.பி. முதலாம் நூற்றாண்டளவில் காந்தாரத்திலும் மதுராவிலும் புத்தர் உருவங்கள் செய்யப்படலாயின.

இன்றைய ஆந்திரப் பிரதேசத்திலுள்ள அமராவதியில் பெரிய தூபி ஒன்றைச் சார்ந்து தனித்த சிற்பப் பாணி ஒன்று வளர்ந்தது. வெளிர்நிறப் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லில் இச்சிற்பங்கள் செதுக்கப்பட்டன. வலது தோள் திறந்திருக்க, மடிப்புகளுடன் தொங்கும் ஆடை அணிந்த நின்ற கோலப் புத்தர் இப்பாணியின் சிறப்பான வடிவம் ஆகும். இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைத்துள்ள பழைய புத்தர் படிமங்கள் பலவற்றில் இதன் செல்வாக்குக் காணப்படுகிறது.

காவிரிப்பூம்பட்டினம்

மணிமேகலைக் காப்பியத்தின் களங்களுள் ஒன்றான காவிரிப்பூம்பட்டினத்தில், பல்லவனேச்சுரம் என்னும் பகுதியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு மேற்கொண்டது. அங்கு வரிசையாக அமைந்த சதுர அறைகளைக் கொண்ட செங்கல் விகாரை ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. இது கி.பி. 4-5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. மங்கலச் சின்னங்கள் செதுக்கப்பட்ட புத்தபாதக் கல் ஒன்றும், சிறிய வெண்கலப் புத்தர் உருவம் ஒன்றும் அங்குக் கிடைத்தன. புத்தபாதம் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. இது கிருட்டிணா ஆற்றுப்பகுதிக் கலையோடு இவ்வூருக்கு இருந்த தொடர்பைக் காட்டுகிறது. ஏறத்தாழ இதே காலத்தில் வாழ்ந்த புத்ததத்தர் என்னும் பாளிமொழி உரையாசிரியர் இந்நகரத்து விகாரையில் தங்கி நூல்கள் இயற்றினார்.

காஞ்சிபுரம்

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் சுமார் 10,000 துறவிகளும் இருந்ததாக எழுதியுள்ளார். அசோகர் எழுப்பியதாகக் கூறப்பட்ட 100 அடி உயரத் தூபி ஒன்றையும் அவர் குறிப்பிடுகிறார். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நாடகத்தில் காஞ்சியின் பௌத்த விகாரை பற்றிய செய்தி உள்ளது. காஞ்சியோடு தொடர்புடைய வச்சிரபோதி என்னும் துறவி, இலங்கை, சிறீவிசயம் வழியாகக் கடற்பயணம் செய்து கி.பி. 720 அளவில் சீனாவை அடைந்தார்.

யுவான் சுவாங் கண்ட விகாரைகளுள் எதுவும் இன்று இல்லை. காஞ்சியிலிருந்த புத்தர் சிலைகளைப் பற்றித் து. அ. கோபிநாத ராவ் 1915 இல் கட்டுரை வெளியிட்டார். காமாட்சி அம்மன் கோயிலிலிருந்து பெறப்பட்ட உயரமான நின்ற கோலப் புத்தர் சிலை சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

நாகப்பட்டினம்

தமிழகப் பௌத்தக் கலை மிக நீண்ட காலம் நீடித்த இடம் நாகப்பட்டினம் ஆகும். சிறீவிசய மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் இங்கு ஒரு விகாரை எழுப்பப்பட்டது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் இதனைக் கட்டி முடித்தான். முதலாம் இராசராச சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1006) ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இவ்விகாரைக்குப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். இக்கொடையைக் கூறும் 21 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி ஆனைமங்கலச் செப்பேடுகள் எனப்படுகிறது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்ததால் இவை லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்றன. கி.பி. 1025 இல் முதலாம் இராசேந்திரன் சிறீவிசயத்தின்மீது படையெடுத்தான். அதன் பின்னரும் விகாரை தொடர்ந்தது என்பதனை முதலாம் குலோத்துங்கனின் கி.பி. 1090ஆம் ஆண்டுச் செப்பேடு உறுதிப்படுத்துகிறது. பர்மாவின் கி.பி. 1476ஆம் ஆண்டுக் கல்யாணிக் கல்வெட்டு, பர்மியத் துறவிகள் நாகப்பட்டினத்திற்கு வந்து வழிபட்டதைக் கூறுகிறது.

கோபுரம் இடிக்கப்படுதல்

நாகப்பட்டினத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை மூன்று நிலைகளைக் கொண்ட சதுரச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றிருந்தது. ஐரோப்பியர் இதனைச் சீனக் கோயில் என்றும், உள்ளூர் மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றும் அழைத்தனர். இது சூளாமணிவர்ம விகாரையின் பகுதியா அல்லது சீனரோடு தொடர்புடைய தனிக் கட்டடமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமராவதியில் 1845 இல் அகழாய்வு செய்த வால்டர் எலியட், 1846 இல் இக்கோபுரத்தைப் பார்வையிட்டு விவரித்தார். அவ்விடத்தில் குடியேறியிருந்த இயேசு சபையினர் இதனை அகற்ற அனுமதி கோரினர். அரசின் ஒப்புதலுடன் 1867 இல் கோபுரம் இடிக்கப்பட்டது.

வெண்கலப் படிமங்கள்

1856 முதல் 1930கள் வரை நாகப்பட்டினத்தில் சுமார் 350 பௌத்த வெண்கலப் படிமங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. இவற்றைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1954 இல் வெளியிட்டது. படிமங்கள் கி.பி. 11 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. புத்தரின் தலைமேல் எழும் தீச்சுடர் வடிவம் இவற்றுள் பலவற்றின் சிறப்பியல்பு ஆகும். இவ்வடிவம் இலங்கை, தாய்லாந்து நாடுகளின் புத்தர் படிமங்களிலும் காணப்படுகிறது. உருவ அமைப்பும் வார்ப்பு முறையும் சோழர் காலச் சைவ, வைணவச் செப்புத்திருமேனிகளை ஒத்துள்ளன.

இலங்கையில் தமிழ்ப் பௌத்தக் கட்டடங்கள்

திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை சோழர் ஆட்சியின்போது இராசராசப் பெரும்பள்ளி என்று பெயரிடப்பட்டது. விளக்குகளும் பசுக்களும் கொடையளிக்கப்பட்டதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. அங்குள்ள படிமமனையின் அடித்தளத்தில் திராவிடக் கட்டடக்கலையின் கூறுகள் காணப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையில் சிறிய தூபிகள் பல உள்ளன. அங்கு 1917ஆம் ஆண்டளவில் போல் இ. பீரிசு அகழாய்வு செய்தார்.

அழிவுக்கான காரணங்கள்

தமிழகத்தின் அறியப்பட்ட விகாரைகள் பெரும்பாலும் செங்கல்லால் கட்டப்பட்டவை. பராமரிப்போர் இல்லாதபோது செங்கல் எளிதில் சிதைவதோடு, வேறு கட்டடங்களுக்காகப் பெயர்த்தெடுக்கப்படுவதும் உண்டு. பாறையைச் சார்ந்து அமைந்த சமணச் சின்னங்களோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கு அருகிலுள்ள திருமலையில், சுமார் 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் சிற்பம் பாறையிலேயே செதுக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. குந்தவை சினாலயமும், இராசேந்திரனின் கங்கை வரையிலான வெற்றிகளைக் கூறும் கல்வெட்டும் அங்கு உள்ளன. திருமலையில் சமணர் வழிபாடு இன்றும் தொடர்கிறது. தமிழகத்தில் பௌத்தச் சங்கமோ மறைந்துபோனதால், அதன் கட்டடங்களைப் பேணுவோர் இல்லாமற் போயினர்.

இன்றைய நிலை

சோழநாட்டிலும் சேலம் பகுதியிலும் பல கருங்கல் புத்தர் சிலைகள் வயல்வெளிகளிலும் சிற்றூர்களிலும் காணப்படுகின்றன. சில இடங்களில் மக்கள் அவற்றை வேறு தெய்வப் பெயர்களில் வழிபடுகின்றனர். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வணங்கப்பட்டு வந்த சிலையைத் தொல்லியல் துறையினர் ஆராய்ந்து, அது புத்தருடையது என அறிக்கை அளித்தனர். அதன் அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 இல் அவ்விடத்தைத் தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர ஆணையிட்டது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940 இல் வெளியிட்ட பௌத்தமும் தமிழும் என்னும் நூல், தமிழகத்தின் பௌத்த ஊர்களையும் சின்னங்களையும் தொகுத்துக் கூறும் முன்னோடி நூல் ஆகும்.