கல் நின்றால்தான் மரபா? தொல்சின்னச் சட்டங்களும் சேரியின் வரலாறும்

தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. அக்கோயிலின் சுவரில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் அப்பட்டியலில் தனித்தனியே இடம்பெறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் சேரியும் பிரித்து எழுதப்பட்டதற்கு அக்கற்களே சான்று. அந்தக் கல்வெட்டு இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அது பெயர் சொல்லும் சேரியில் எழுப்பப்பட்ட ஒரு சுவர்கூட நம்மிடம் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. கல்லிலும் செங்கல்லிலும் கட்டும் உரிமையும் வசதியும் யாருக்கு இருந்தன என்பதைச் சாதி தீர்மானித்தது. எதைப் பேண வேண்டும் என்பதைப் பின்னர் வந்த சட்டம், நின்று கொண்டிருந்த கட்டடங்களைப் பார்த்துத் தீர்மானித்தது. இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டுப்போனது உழைக்கும் மக்களின் வரலாறு. மரபுச் சின்னங்களுக்கான சட்டங்கள் எவற்றைக் காக்கின்றன, எவற்றைக் கைவிடுகின்றன, இருக்கும் சட்டங்களைக் கொண்டே நாம் செய்யக்கூடியவை எவை என்பதை இக்கட்டுரையில் தொகுத்துப் பார்ப்போம்.

சட்டம் எதைச் சின்னம் என்கிறது?

நாடாளுமன்றம் தேச முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கும் சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 49ஆம் உறுப்பு கூறுகிறது. நமது கூட்டுப் பண்பாட்டின் மரபைப் பேணுவது குடிமக்களின் கடமை என்கிறது 51அ(ஊ) உறுப்பு. தனித்த மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தப் பிரிவினரும் அதைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமையை 29(1) உறுப்பு உறுதி செய்கிறது.

இவற்றுக்குச் செயல்வடிவம் தருவது 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டம். இதன்படி இந்தியத் தொல்லியல் துறை 3,600க்கும் மேற்பட்ட சின்னங்களைப் பாதுகாத்து வருகிறது. தேச முக்கியத்துவம் பெறாதவற்றை மாநிலங்கள் காக்கலாம். அதற்காகத் தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1961இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொல்லியல் துறை அதைச் செயல்படுத்துகிறது. மரபுக் கட்டடங்கள் குறித்து அரசுக்கு ஆலோசனை கூறும் மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டபோதும், அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கும் மேலாயிற்று.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளமைப்பை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். அதில் இரண்டு வாயில்கள் உள்ளன.

முதலாவது, வரையறை. கட்டுமானம், நினைவுச் சின்னம், புதைமேடு, அடக்கம் செய்யப்பட்ட இடம், குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல் ஆகியவற்றுள் ஒன்றாக அது இருக்க வேண்டும். வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வகையில் அது முக்கியத்துவம் பெற்றிருக்க வேண்டும். அத்துடன், நூறாண்டுகளுக்குக் குறையாமல் நிலைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அறிவிக்கை. எத்தனை தொன்மையானதாக இருந்தாலும் அரசு அறிவிக்காத சின்னத்துக்கு இச்சட்டத்தின் முழுக் காப்பும் கிடைப்பதில்லை. அறிவிக்கும் எண்ணத்தை அரசு முதலில் வெளியிட வேண்டும். தொடர்புடைய எவரும் இரண்டு மாதங்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதன் பிறகே இறுதி அறிவிக்கை. அறிவிக்கப்பட்டுவிட்டால் கிடைக்கும் காப்பு வலுவானது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சுற்றியுள்ள 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி.

நூறாண்டுக் கணக்கு யாருக்கு எதிரானது?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் உழவுத் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஆவர். கூலி உயர்வுக்கான போராட்டத்தின் மீது பண்ணை ஆதிக்கம் நடத்திய அப்படுகொலை, தமிழக வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று. அந்த இடத்தை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். நூறாண்டு நிறைய 2068 வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் 'நிலைத்திருக்கும் கட்டுமானம்' எது என்ற கேள்வி எழும். எரிந்துபோன குடிசைக்கு இச்சட்டத்தில் இடமில்லை. அங்கு நினைவிடம் எழுப்பி ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தி அந்நினைவைக் காத்து வருவது இயக்கங்களே.

அரண்மனை நூறாண்டு நிற்கும். மண்சுவரும் பனையோலைக் கூரையும் நிற்பதில்லை. சேரியில் ஓட்டுவீடும் மாடிவீடும் கட்டுவதையே பல ஊர்களில் ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். நிலைத்து நிற்கும் வீட்டைக் கட்ட விடாமல் தடுத்துவிட்டு, நிலைத்து நின்றதற்கு மட்டுமே காப்பு என்று சொல்வது, பழைய விலக்கைப் புதிய மொழியில் தொடர்வதாகும். சட்டத்தை எழுதியவர்களின் நோக்கம் அதுவாக இல்லாமல் இருக்கலாம். விளைவு அதுதான்.

இவ்விடைவெளியை மணிமண்டபங்களால் நிரப்பிவிடலாம் என்று அரசுகள் கருதுகின்றன. அயோத்திதாசப் பண்டிதருக்குச் சென்னை கிண்டியில் 2023இல் மணிமண்டபம் திறக்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் புதிய மண்டபம் எழுப்புவது வேறு, வரலாறு நிகழ்ந்த இடத்தைப் பேணுவது வேறு. 1907இல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய இராயப்பேட்டை, பஞ்சமர் பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894இல் தொடங்கிய பள்ளி, தமிழ்ப் பௌத்தம் வேர்கொண்ட கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவை அனைத்தும் நமது மரபு இடங்களே.

நாகப்பட்டினமும் சேலமும்

பேணப்படாத மரபு இருவழிகளில் அழிகிறது. ஒன்று, இடிக்கப்படுகிறது. மற்றொன்று, பெயர் மாற்றப்படுகிறது.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை முதலாம் இராசராசன் கொடையளித்ததை லெய்டன் செப்பேடு கூறுகிறது. அப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் ஆங்கிலேய அரசின் அனுமதியோடு இயேசு சபையார் இடித்தனர். அங்கு கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் உள்ளன. தொன்மைச் சின்னங்களைக் காக்கும் சட்டத்தை அதே ஆங்கிலேய அரசு இயற்றியது 1904இல். கோபுரம் வீழ்ந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு.

சேலத்தில் நிகழ்ந்தது இரண்டாம் வகை. பெரியேரி கிராமத்தில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வணங்கப்பட்ட சிலை புத்தருடையது என்று கூறி, பௌத்த அமைப்பு ஒன்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்ற ஆணைப்படி தொல்லியல் துறை ஆய்வு நடத்தியது. தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காதுகள் ஆகிய அடையாளங்களைக் கொண்டு அது புத்தர் சிற்பமே என அறிக்கை அளிக்கப்பட்டது. வெட்டுண்ட தலை பிற்காலத்தில் உடலோடு ஒட்டப்பட்டிருந்ததும் பதிவாயிற்று.

நெடுங்காலமாக இந்துக் கோயிலாகவே வழிபாடு நடந்து வருவதால் அது தன் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று இந்து சமய அறநிலையத் துறை வாதிட்டது. பிழையான அடையாளத்தைத் தொடர அனுமதிக்க முடியாது என்று 2022 ஜூலை 19 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், பொதுமக்கள் பார்வையிடலாம், பூசை கூடாது என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது.

இத்தீர்ப்பு நமக்குத் தரும் பாடம் இரண்டு. நெடுங்கால வழக்கம் என்பது வரலாற்றுச் சான்றை வென்றுவிடாது என்பது ஒன்று. 1937இல் மகாடு சவுதார் குள வழக்கில் தீண்டாமையை 'தொன்றுதொட்ட வழக்கம்' என்று நிறுவ முயன்றவர்களின் வாதத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்ததையும் இங்கு இணைத்துப் பார்க்கலாம். மற்றொன்று, முனியப்பனை வணங்கியவர்களும் எளிய மக்களே என்பது. சின்னத்தை மீட்கும்போது அம்மக்களோடு பேசி, அவர்களையும் அவ்வரலாற்றின் உரிமையாளர்களாக்குவது இயக்கத்தின் பொறுப்பு. நீதிமன்ற ஆணையால் மட்டும் அது நிறைவேறாது.

இடத்தின் பெருமை நிகழ்வில் உள்ளது

கட்டடத்தின் வயதையும் அழகையும் கடந்து, அங்கு நிகழ்ந்ததைக் கொண்டு ஓரிடத்தை மதிப்பிடுவது புதிய கருத்தன்று. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை மூடப்பட்டது 1996இல். அத்தீவு உலக மரபுச் சின்னமானது 1999இல். நூறாண்டு காத்திருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதே 1999இல் அந்நாடு இயற்றிய மரபு வளச் சட்டம், அடிமை முறையின் வரலாற்றோடு தொடர்புடைய இடங்களை மரபாகக் கருதத்தக்க வகைகளுள் ஒன்றாக வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களை அனுமதியின்றி இடிப்பதையும் அது தடுக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு முன்னடி வைக்கப்பட்டுள்ளது. 2022இல் தேசியச் சின்னங்கள் ஆணையம், அம்பேத்கரோடு தொடர்புடைய இரண்டு இடங்களைத் தேச முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப் பரிந்துரைத்தது. ஒன்று, தங்குமிடம் மறுக்கப்பட்ட அவர் 1917இல் அமர்ந்து உறுதி பூண்ட வடோதராவின் சங்கல்ப பூமி. மற்றொன்று, 1900 நவம்பர் 7 அன்று அவர் சேர்ந்த சாத்தாராப் பள்ளி. சங்கல்ப பூமியில் நிற்பது ஆலமரம்; பள்ளியின் பெருமை அதன் சேர்க்கைப் பதிவேடு. கோபுரமும் சிற்பமும் இல்லாத இடங்களையும் அரசு அமைப்பு மரபாகக் காண முடியும் என்பதற்கு இப்பரிந்துரை சான்று.

பேணுதல் என்றால் என்ன?

பேணுதல் வேறு, புதுப்பித்தல் வேறு. உள்ளதை உள்ளவாறு நிலைக்கச் செய்வதே பேணுதலின் முதல் விதி. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய செங்கல் உதிரும். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்தால் எழுத்துகள் தேயும். சேரியைப் பற்றிய பழைய சான்றுகளில் பெரும்பகுதி கோயில் கல்வெட்டுகளில்தான் இருக்கிறது. எனவே திருப்பணியின் பெயரால் கல்வெட்டு சிதைவது நமது வரலாற்றின் இழப்பும் ஆகும்.

பலகையில் எழுதப்படுவதும் பேணுதலின் ஒரு பகுதியே. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் சிற்பங்களைப் போலவே, 1939 ஜூலை 8 அன்று தலித்துகளும் நாடார் ஒருவரும் அதனுள் நுழைந்த நிகழ்வும் அக்கோயிலின் வரலாறு. அரசன் பெயரை மட்டும் சொல்லிக் கல் சுமந்தவரையும் வாயிலில் நிறுத்தப்பட்டவரையும் விட்டுவிடும் பலகை பாதி உண்மையையே சொல்கிறது.

இன்றே செய்யத்தக்கவை

1. பதிவு செய்தல்: ஊரிலுள்ள பழைய பள்ளி, சங்கக் கட்டடம், இடுகாடு, நடுகல், புத்தர் சிலை, போராட்டக் களம் ஆகியவற்றை நிழற்படம், அளவு, இருப்பிடத்தோடு ஆவணப்படுத்த வேண்டும். முதியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தேதியிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கல்லூரி மாணவர்கள் உடனே தொடங்கக்கூடிய பணி இது.

2. நில ஆவணம்: புல எண், அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பெற வேண்டும். மறுக்கப்பட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். புறம்போக்கு என்ற பெயரில் உள்ள இடமே முதலில் பறிபோகிறது.

3. தீர்மானமும் மனுவும்: கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, சான்றுகளோடு தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு அளிக்க வேண்டும். 29(1) உறுப்பை மனுவில் சுட்டிக்காட்ட வேண்டும்.

4. சேதம் நேர்ந்தால்: பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் உயர்வாக மதிக்கும் பொருளை அவ்வகுப்பினரல்லாதோர் அழிப்பதும் சேதப்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(t) பிரிவின்கீழ் குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சேர்த்தது. 'பொருள்' என்பதில் சிலை, நிழற்படம், உருவப்படம் ஆகியவை அடங்கும் என்று அப்பிரிவே விளக்குகிறது. வெறும் பொதுச்சொத்துச் சேத வழக்காகக் காவல்துறை முடித்துவிட நாம் இடம் தரலாகாது.

5. நீதிமன்றம்: இடிப்பு நெருங்கினால் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உரிமையாளர் மட்டுமே வழக்கிட முடியும் என்பதில்லை. சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இடிக்கப்படுவதை 2010இல் உயர் நீதிமன்றம் தடுத்தது, மரபு அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான்.

சட்டத் திருத்தத்துக்கான கோரிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும். தீண்டாமைக்கும் அடிமை உழைப்புக்கும் எதிரான போராட்டங்கள் நிகழ்ந்த இடங்களை, வயது வரம்பின்றி, மரபின் தனிவகையாக மாநிலச் சட்டம் ஏற்க வேண்டும். மரபு தொடர்பான குழுக்களில் கட்டடக்கலை வல்லுநர்களோடு தலித் வரலாற்றாய்வாளர்களும் இடம்பெற வேண்டும். அறிவிக்கப்பட்ட சின்னங்களின் பலகைகளில் உழைத்தவரும் விலக்கப்பட்டவரும் குறிப்பிடப்பட வேண்டும்.

இத்திருத்தங்கள் வரும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை. நேரில் கண்ட முதியோர் குறைந்து வருகிறார்கள். பழைய கட்டடங்கள் சாலை விரிவாக்கத்திலும் மனை விற்பனையிலும் மறைகின்றன. மனு எழுதத் தேவையான முதல் சான்று ஊரில்தான் இருக்கிறது. அதைத் திரட்டுவதற்கு எவருடைய அறிவிக்கையும் தேவையில்லை.