இருதய அகவுறை அழற்சி: வால்வைக் கடந்த சீழ்க்கட்டிகள்

இருதயத்தின் உட்புறத்தையும் அதன் வால்வுகளையும் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வில் ரத்தத்தோடு வந்த கிருமிகள் குடியேறி, அவற்றைச் சுற்றி ரத்தத் தட்டுகளும் உறைபொருளும் திரண்டு முளைபோல் வளர்வதால் விளையும் வியாதிக்கு அகவுறை அழற்சி என்று பெயர். வால்வு அரிக்கப்படுவது இதில் வழக்கமாகக் காண்பது. அவ்வளவில் நில்லாமல் கிருமி அடித்தளத் தசைக்குள் புகுந்து சீழ்கட்டுவதும், அச்சீழ் உடைந்து அறைக்கும் அறைக்கும் இடையே வழி திறந்துவிடுவதும், முளையின் துணுக்கொன்று இருதயத்துக்கே ரத்தம் ஊட்டும் தமனியை அடைத்து மாரடைப்பை உண்டாக்குவதும் அதைவிட அரியவை, ஆனால் மிகக் கொடியவை.

பிரான்சு தேசத்து லாசார் ரிவியேர் 1646-இல் ஒரு பிரேதப் பரிசோதனையில் மகாதமனியின் வாயை அடைத்துநின்ற சதைத் திரள்களைக் கண்டு எழுதிவைத்தார். 1835-இல் பாரிஸ் வைத்தியர் பூயோ நோய்க்குப் பெயரிட்டார். 1869-இல் நார்வேயின் வின்யே முளைகளுக்குள் நுண்ணுயிர்கள் இருப்பதை உணர்த்தினார். 1885-இல் லண்டனில் வைத்தியர் ஆஸ்லர் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளே, சிதறிக்கிடந்த இவ்வறிவை ஒரு சாஸ்திரமாகத் தொகுத்தன. ஆயினும் அறிந்தது வேறு, காத்தது வேறு. இந்நோய் கண்ட சங்கீத மேதை குஸ்தாவ் மாலரின் ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை 1911-இல் நியூயார்க்கில் வளர்த்தே காட்டினார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் வியன்னாவில் மாண்டார்.

1940-களில் பெனிசிலின் வந்தது, கிருமி மாண்டது, சிதைந்த வால்வு சிதைந்தபடியே நின்றது. மருந்து எட்டாத சீழ்க்கட்டியின் அபாயமும் நீங்கவில்லை. மகாதமனி வால்வின் வளையத்துக்குச் சற்றுக் கீழேதான், மேலறைகளின் துடிப்புக் கட்டளையைக் கீழறைகளுக்குக் கொண்டுசெல்லும் கற்றை ஓடுகிறது. ஆகையால் அவ்விடத்தில் சீழ் பரவுங்கால், ஈ.சி.ஜி. வரைபடத்தில் மேலறை, கீழறைத் துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி நாளுக்குநாள் நீண்டு, சிலரிடம் தொடர்பே அறுந்து, நாடி மிகத் தளர்ந்துவிடுகிறது. காய்ச்சல் தணியாத நோயாளியிடம், வெப்பமானியைப் பார்ப்பதைப் போலவே இந்தச் சிறு இடைவெளியையும் தினந்தோறும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது என்பதை எத்தனை முறை வற்புறுத்தினாலும் தகும்.

1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாலஸ் முதலியோர், நோய் தணியுமுன்பே சஸ்திர சிகிச்சையால் வால்வை மாற்றி நோயாளியைப் பிழைப்பித்த செய்தியை வெளியிட்டனர். எங்கே கத்தி வைப்பது என்பதைக் காட்டும் கண் அதற்கும் பிற்பாடே கிடைத்தது. உணவுக்குழாய் வழியே செலுத்தும் எக்கோ கருவி, 1991-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், மெய்ப்பிக்கப்பட்ட 46 சீழ்க்கட்டிகளில் 40-ஐக் காட்டியது. மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் கருவி காட்டியதோ 13 மாத்திரமே. இன்று சீழ்ப்பட்ட தசையை மிச்சமின்றிச் சுரண்டியெடுத்து, குழியை இருதய மேலுறைத் துண்டால் மூடி, புதிய வால்வு தைக்கிறார்கள். கற்றை அழிந்திருப்பின், அதன் வேலையை ஏற்க பேஸ்மேக்கரும் பொருத்துகிறார்கள்.