முட்டையின் மேல் ஓர் எண்

இங்கிலாந்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, இங்கே ஒவ்வொரு முட்டையிலும் எண் அச்சடித்திருக்கிறதே, எதற்கு?" என்று கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதல் இலக்கம்தான் முக்கியம். 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை. 1 வெளியில் மேயும் கோழி. 2 கொட்டகைக்குள் கூண்டில்லாமல் திரிவது. 3 கூண்டுக் கோழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் இது கட்டாயம். (நம் நாமக்கல் பண்ணைகளிலும் பெரும்பாலும் கூண்டு முறைதான். ஆனால் மளிகைக் கடை முட்டையில் இப்படி எண்ணைத் தேடினால் கிடைக்காது.)

கதை தொடங்கியது 1964இல். ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 'அனிமல் மெஷின்ஸ்' என்ற நூலில் இந்தப் பண்ணைகளின் உள்ளே நடப்பதை எழுதினார். நாடே அதிர்ந்தது. அரசு, விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு அமைத்தது. எழ, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, இறக்கையும் காலும் நீட்ட இடம் வேண்டும் என்று 1965இல் அந்தக் குழு சொன்னது. கேட்டது அவ்வளவுதான்! வெறுங்கம்பிக் கூண்டைத் தடைசெய்யும் ஐரோப்பிய ஆணை வந்ததோ 1999இல். அது முழுதாக நடைமுறைக்கு வந்தது 2012 ஜனவரி 1. அதற்கு முந்தைய ஆண்டுகளில்கூட ஒரு கோழிக்கு ஒதுக்கிய இடம் 550 சதுர செ.மீ. ஓர் ஏ4 தாளின் பரப்பு 620க்கும் மேல். நீங்களே அளந்து பாருங்கள்.

சட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தபோது, மக்கள் கடைக்காரரைக் கேள்வி கேட்டார்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1997இல் கூண்டு முட்டை விற்பதை நிறுத்தியது. 2002இல் தன் கேக்குக்கும் சாண்ட்விச்சுக்கும் உள்ளே போகும் முட்டையையும் மாற்றியது. என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய காரியம். கேக்குக்குள் போன முட்டையில் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

2016இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த 14 வயதுப் பள்ளி மாணவி, டெஸ்கோ நிறுவனத்துக்கு எதிராக இணையத்தில் கையெழுத்து திரட்டினாள். இரண்டு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. 2025க்குள் கூண்டு முட்டையை நிறுத்துவதாக டெஸ்கோ அந்த ஆண்டே அறிவித்தது. வாத்தியார் அல்லவா, இந்த இடத்தில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆனால் வாக்குக் கொடுப்பது வேறு, கணக்குக் காட்டுவது வேறு. 1967இல் பீட்டர் ராபர்ட்ஸ் என்ற பால் பண்ணையாளர் தொடங்கிய விலங்கு நல அமைப்பு, 2017 முதல் எந்த நிறுவனம் எவ்வளவு நிறைவேற்றியது என்று பட்டியலிட்டு வருகிறது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 2015இல் பத்தாண்டு தவணை கேட்டது, 2024 தொடக்கத்திலேயே முடித்தது. வால்மார்ட்டும் 2016இல் 2025ஐத்தான் இலக்காகச் சொன்னது. ஆனால் சரக்கு கிடைத்தால், விலை கட்டுப்படியானால், வாடிக்கையாளர் விரும்பினால் என்று நிபந்தனைகளையும் கூடவே சேர்த்திருந்தது. கடைசியில், எட்ட முடியாது என்று கெடுவுக்கு முன்பே அதுவே சொல்லிவிட்டது. வீட்டுப்பாடத்துக்கு இப்படி நிபந்தனை போட்டவர்கள் உங்களிலும் சிலர் உண்டு, பெயர் சொல்லவில்லை.